ஒழுகாத டென்ட், நனைந்த கால்மாடு: 193 செ.மீ. உயரக்காரருக்கு டென்ட் தேர்ந்த கதை

கேள்வி எங்களிடம் வந்தபோது டென்ட்டின் நீளத்தைப் பற்றியதாக இல்லை. ஒழுகலைப் பற்றியதாக இருந்தது. பல்லடம் பக்கம் தறிப்பட்டறை வைத்திருக்கும் 34 வயதுக்காரர். உயரம் 193 செ.மீ., அதாவது ஆறடி நாலங்குலம். மார்கழியில் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில், உரிமையாளரின் அனுமதியோடு, தன் இரண்டு ஆள் டென்ட்டில் தனியாகத் தங்கினார். காலையில் எழுந்தால் ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாட்டுப் பக்கம் ஒரு முழ நீளத்துக்குச் சொதசொதவென்று ஈரம். "ஏனுங்க, டென்ட் ஒழுகுதுங்க. புரட்டாசியில உத்தரகண்ட் போறமுங்க. வெயிட் கம்மியா, ஒழுகாத டென்ட்டா ஒண்ணு சொல்லுங்க" என்பதுதான் அவர் கேட்டது. பட்ஜெட் 30,000 ரூபாய்.

அன்றிரவு ஏற்காட்டில் மழையே இல்லை, வெறும் பனிதான். தலைமாடும் நனையவில்லை, தரையும் நனையவில்லை. மழை இல்லாத ராத்திரியில் ஒரே ஒரு மூலை மட்டும் ஒழுகாது. ஆகவே புது டென்ட்டைப் பற்றிப் பேசுமுன் பழையதை அவர் தோட்டத்துக் களத்தில் அடித்துப் பார்ப்பது என்று முடிவானது.

ஒழுகலா, உரசலா

சோதனை இரண்டு. முதலில் ஆள் இல்லாமல் டென்ட்டை இறுக்கமாக அடித்து, தோட்டத்து ஹோஸ் பைப்பில் விரலை வைத்துப் பீய்ச்சி, கால்மாட்டுப் பக்கம் மட்டும் இருபது நிமிடம் தண்ணீர். உள்ளே நியூஸ்பேப்பர் விரித்திருந்தது. ஒரு சொட்டு இல்லை. தையல்மேல் ஒட்டியிருந்த டேப்பும் சரியாகத்தான் இருந்தது.

இரண்டாவது சோதனைக்குத் தேவைப்பட்டது துணி வெட்டுபவர்கள் கோடு போடும் நீல மார்க்கிங் சாக். வெளிவிரிப்பின் (உள்வலைக்கு மேலே மழையைத் தடுக்கும் துணி) உட்புறத்தில், கால்மாட்டுச் சுவரில், தரையிலிருந்து 20 முதல் 50 செ.மீ. உயரம்வரை அதை நன்றாகத் தேய்த்துவிட்டு, அவரையே அவருடைய காற்றடிக்கும் மேட், ஸ்லீப்பிங் பேக் சகிதம் ராத்திரி முழுக்கப் படுக்கச் சொன்னோம். விடிந்து பார்த்தால் உள்வலையில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு நீலத் திட்டு. பேக்கின் கால் நுனியிலும் அதே நீலம், அதே இடத்தில் ஈரம்.

கதை இதுதான். தூங்குகிற ஆளின் மூச்சும் தோலும் சேர்ந்து ஓர் இரவில் ஏறத்தாழ கால் லிட்டர் நீரை ஆவியாக வெளியே விடுகின்றன. பனிக்காலத்தில் வெளிவிரிப்பு வானத்தைப் பார்த்தபடி சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். ஆவி அதன் உட்புறத்தில் நீர்முத்தாகப் படியும். இரட்டைச் சுவர் டென்ட்டில் உள்வலைக்கும் வெளிவிரிப்புக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டிருப்பதே இந்த ஈரம் ஆளைத் தொடக்கூடாது என்றுதான். உயரமான ஆளின் கால் வலையைத் தள்ளி அந்த இடைவெளியை மூடிவிட்டால், ஈரத்துணியை ராத்திரி முழுக்க மிதித்துக்கொண்டு படுத்த கணக்கு. இதே ஆள் இதைவிட விலை கூடிய, வாட்டர்ப்ரூஃப் மதிப்பு அதிகமான டென்ட் வாங்கினாலும், நீளம் இதேதான் என்றால் கால் நனையத்தான் செய்யும். 4000 மி.மீ. என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் அந்த மதிப்பு வெளியிலிருந்து வரும் தண்ணீருக்கு. உள்ளே உண்டாகும் தண்ணீருக்கு அது ஒன்றும் செய்யாது.

ஆளை அளப்பது

நின்ற உயரம் இந்த வேலைக்கு அரைகுறை அளவு. படுத்தால் பாதம் முன்னே சாயும். கால் விரல் நுனி குதிகாலைத் தாண்டி நீளும். குப்புறப் படுப்பவருக்குப் பாதம் முழுதாக நீண்டு இன்னும் கூடும். அதன் மேல் பேக்கின் பஞ்சு தடிமன். ஆகவே அளந்தது இப்படி: தரையில் மேட்டைக் காற்றடித்துப் போட்டு, பேக்குக்குள் புகுந்து, தலையணையோடு மல்லாந்து, உடம்பைத் தளர்த்திப் படுக்க வேண்டும். இன்னொருவர் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒவ்வொரு அட்டையைச் செங்குத்தாக, பேக்கை அமுக்காமல் தொடும்படி நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே டேப் பிடிக்க வேண்டும். கூடவே தரையிலிருந்து உச்சந்தலை எத்தனை உயரத்தில், கால் விரல் எத்தனை உயரத்தில் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இவருக்கு வந்த எண்கள்: படுத்த நீளம் 210 செ.மீ. (193 உயரம், பாதம் சாய்வில் 10, பேக்கின் தடிமன் இரு பக்கமும் சேர்த்து 7). உச்சந்தலையின் நடு 22 செ.மீ. உயரத்தில், கால் விரல் நுனி 34 செ.மீ. உயரத்தில், இரண்டிலும் மேட்டின் தடிமன் அடக்கம், அது 8 செ.மீ. சம்மணமிட்டு உட்கார்ந்தால் தரையிலிருந்து தலை உச்சி 101 செ.மீ., மேட்டின் மேல் உட்கார்ந்தால், அது எடையில் அமுங்குவதால், 104.

ஒருக்களித்து முழங்கால் மடக்கித் தூங்குகிறவர்கள் "எனக்கு இவ்வளவு வேண்டாம்" என்பார்கள். மடக்கினால் 15 செ.மீ.க்கு மேல் குறையும் என்பது சரிதான். ஆனால் முழு ராத்திரியும் யாரும் மடக்கியபடி கிடப்பதில்லை. பத்து மணி நேரம் நடந்த முழங்கால் நீட்டத்தான் பார்க்கும். மல்லாந்த அளவையே கணக்கில் எடுத்தோம்.

சுவரை அளப்பது

டென்ட் விற்பவர்கள் தரும் நீளம் தரையின் நீளம். தலையும் காலும் தரையில் இல்லை. 22, 34 செ.மீ. மேலே இருக்கின்றன. அந்த உயரத்துக்கு வருமுன் சுவர் உள்ளே சாய்ந்துவிடுகிறது. எத்தனை சாய்கிறது என்பதைக் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு சொல்லிவிடும்: உள்ளே உட்கார்ந்து, சுவரில் 30 செ.மீ. உயரமான ஒரு புள்ளியைத் தொட்டு நூலைத் தொங்கவிட்டால், குண்டு தரையைத் தொடும் இடத்துக்கும் சுவரின் அடிக்கும் உள்ள தூரம்தான் இழப்பு. அதை மூன்றால் வகுத்தால் ஒவ்வொரு 10 செ.மீ. உயரத்துக்கும் சுவர் எத்தனை உள்ளே வருகிறது என்று கிடைக்கும். 60 டிகிரி சுவர் பத்துக்கு ஏறத்தாழ 6 செ.மீ. உள்ளே வரும், 70 டிகிரி சுவர் மூன்றரை, 80 டிகிரி என்றால் 2-க்கும் கீழே. 45 டிகிரி சாய்வு பத்துக்குப் பத்தைத் தின்றுவிடும்.

பழைய டென்ட்டின் தரை 210 செ.மீ. தலைமாட்டுச் சுவர் பத்துக்கு மூன்றரை, கால்மாட்டுச் சுவர் பத்துக்கு ஆறு. தலைமாட்டில் 22 செ.மீ. உயரத்தில் 8 போயிற்று. கால்மாட்டில் 34 செ.மீ. உயரத்தில் 20 போயிற்று. ஆக, 210-ல் இவருக்குக் கிடைத்தது 182. தேவை 210. குறைந்த 28 செ.மீ. எங்கே போகும்? தலை ஒரு பக்கச் சுவரில், மீதி கால் வழியாக வெளிவிரிப்பில். நீலத் திட்டுக்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

170 செ.மீ. ஆளுக்கு இதே டென்ட் பேருக்குப் போதும். காலும் குட்டை, விரல் நுனியும் தாழ்வு, இரண்டும் சேர்ந்து உதவுகின்றன. உயரம் கூடக்கூட பாதமும் நீளம் என்பதால் விரல் நுனி மேலே போகிறது, மேலே போனால் சுவர் இன்னும் கிட்டே வருகிறது. அதனால்தான் "உங்கள் உயரத்தோடு 20 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்" என்கிற பொத்தாம்பொதுவான யோசனை 190-ஐத் தாண்டியவர்களிடம் பொய்த்துப்போகிறது. இவருக்கு இரு பக்கமும் 80 டிகிரியில் நிமிர்ந்த சுவர் என்றால் 220 தரையே போதும். 45 டிகிரி கூரை டென்ட் என்றால் 266 வேண்டும். 240 என்று எழுதிய டென்ட் தோற்று 220 என்று எழுதியது ஜெயிப்பது இதனால்தான்.

எடுத்துப் பார்த்த வகைகள்

கடைகளிலும் ஆன்லைனிலும் அதிகம் கிடைப்பது அலுமினியக் கம்பியில் தானாக நிற்கும் டோம் வகை. நேச்சர்ஹைக் க்ளவுட் அப் 2-ன் உள்தரை 210 × 125 செ.மீ.; எம்எஸ்ஆர் ஹப்பா ஹப்பா என்எக்ஸ் (இப்போது பழைய மாடல்) 213 × 127, நடு உயரம் 100 செ.மீ., மூட்டையாகக் கட்டினால் 1.72 கிலோ. இரண்டும் பெயர் பெற்றவை, சராசரி ஆளுக்கு நன்றாக உதவுபவை. இவருக்கு முதல் கணக்கிலேயே அடிபட்டன. 213 தரையில் சுவர் இரண்டும் செங்குத்தாகவே நின்றாலும் மிச்சம் 3 செ.மீ.தான். உயரமும் இடிக்கிறது: மேட்டின் மேல் உட்கார்ந்தால் 104 செ.மீ. வரும் ஆள் 100 செ.மீ. கூரைக்குள் கழுத்தைக் குனிந்துதான் சட்டை மாற்ற வேண்டும். நிமிர்ந்து உட்கார இவருக்குக் குறைந்தது 110 வேண்டும்.

"ரெண்டு ஆள் டென்ட்ல மூலைவாட்டுல படுத்தா நீளம் வருமில்லீங்க?" என்று கேட்டார். எல்லா உயரக்காரர்களும் கேட்பதுதான். காகிதத்தில் 213 × 127 தரையின் மூலைவிட்டம் 248 செ.மீ. வருகிறது. ஆனால் ஆள் கோடு அல்ல. கீழே 64 செ.மீ. அகல மேட் இருக்கிறது. அந்த அகலத்து மேட்டைத் திருப்பத் திருப்ப அதன் மூலைகள் சுவரில் முட்டும். சுமார் 19 டிகிரிக்கு மேல் திரும்பாது. அந்தக் கோணத்தில் உடம்பின் நடுக்கோட்டுக்குக் கிடைப்பது 225 செ.மீ. சொச்சம். லாபம் 35 அல்ல, 12 அல்லது 13. அதிலும் தலையும் காலும் மூலையை நோக்கிப் போவதால், கடைசிச் சுவரோடு பக்கச் சுவரும் சேர்ந்து சாய்ந்து வரும். ஏற்கெனவே டோம் டென்ட் வைத்திருப்பவர்கள் ஓரிரு நாள் சமாளிக்க இந்த வழி பரவாயில்லை. புதிதாகக் காசு போட்டு வாங்குவதற்கு இது காரணம் ஆகாது.

அடுத்து, நடைக்கோலையே தூணாக வைக்கும் ட்ரெக்கிங் போல் வகை. கம்பி எடை மிச்சம் என்பதால் அதே எடையில் நீளமும் உயரமும் கூடக் கிடைக்கும். இந்த வகையில் பேர் அடிபடும் இரண்டு: ஸீபேக்ஸ் டூப்ளெக்ஸ், தரை 229 × 114 செ.மீ., எடை அரை கிலோவைச் சற்றுத் தாண்டும். டர்ஸ்டன் எக்ஸ்-மிட் 1, தரை நீளம் ஏறத்தாழ 230, எடை 800 கிராமை ஒட்டி. டூப்ளெக்ஸ் டைனீமா காம்போசிட் துணி. நனைந்தாலும் தொய்யாது, எடையோ காகிதம். ஆனால் ஒற்றைச் சுவர். இவருக்கு வந்த வியாதியே சுவரின் ஈரம் காலில் படுவது. அந்த ஆளை நடுவில் வலைகூட இல்லாத டென்ட்டுக்குள் அனுப்புவதில் பிசகினால் தாங்க இடமில்லை. வறண்ட ஊர்களுக்கு அது அருமையான டென்ட், மேற்குத் தொடர்ச்சி மலையின் மூடுபனிக்கு யோசிக்க வேண்டும். விலையும் கூரியரும் சுங்கமும் சேர்ந்து பட்ஜெட்டைத் தாண்டிவிட்டது என்பது தனி.

வெறும் டார்ப்பும், அதாவது கூரையாக இழுத்துக் கட்டும் ஒற்றை விரிப்பும், யோசனையில் வந்தது. திருப்பூரில் நல்ல தையல்காரர் கிடைப்பது பெரிய காரியமில்லை. 3 × 3 மீட்டர் டார்ப்பும் கொசுவலைக் கூடும் தைத்துவிட்டால் 193 என்ன, 210 செ.மீ. ஆளும் கால் நீட்டலாம். நம் ஊர்ப் பக்கத் தோட்டங்களுக்கு அதுவே போதும், உள்ளதிலேயே மலிவும் அதுதான். புரட்டாசியில் உத்தரகண்டின் உயரமான மலைகளில் ராத்திரி உறைநிலைக்குக் கிட்டப் போகும், காற்று திசை மாறி அடிக்கும். அங்கே டார்ப் அடிக்கப் பழக்கம் வேண்டும். முதல்முறை போகிறவருக்கு வேண்டாம் என்று விட்டோம்.

துணி

தறிக்காரர் என்பதால் இந்தப் பகுதி சுருக்கமாக முடிந்தது. டெனியரும் (நூலின் பருமன்) ஜிஎஸ்எம்மும் (சதுர மீட்டர் துணியின் எடை) அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்டது ஒன்றுதான்: நைலானா, பாலியஸ்டரா? நைலானின் ஈர உறிஞ்சல் சுமார் 4 சதவீதம், பாலியஸ்டர் 0.4. நைலான் விரிப்பு ராத்திரி ஈரத்தில் நீண்டு தொய்யும். மாலையில் மத்தளம் மாதிரி இழுத்துக் கட்டியது நடுராத்திரியில் தொங்கும். சராசரி ஆளுக்கு அது அழகுக் குறை மட்டுமே. மிச்சம் 5 செ.மீ. வைத்துப் படுக்கும் உயரக்காரருக்கு அந்தத் தொய்வே மிச்சத்தைத் தின்றுவிடும். கிழிபடாத வலு நைலானுக்குத்தான் அதிகம் என்றாலும், இவருக்குப் பாலியஸ்டர் என்று முடிவு. பூச்சு, வெளிப்புறம் சிலிகானும் உட்புறம் பாலியூரித்தேனும். இரு பக்கமும் சிலிகான் என்றால் தையலில் டேப் ஒட்டாது. ஹார்டுவேர் கடைச் சிலிகான் சீலன்ட்டை மினரல் டர்பன்டைனில் கரைத்துத் தையலெல்லாம் நாமே பூச வேண்டும். பெரிய வேலை இல்லை, மறக்காமல் செய்ய வேண்டும்.

எடுத்தது

வாங்கியது இரட்டைச் சுவர், ட்ரெக்கிங் போல் வகை. தரை 230 × 75 செ.மீ., உச்சி 118, கதவு நீளவாட்டில். பெயரைவிட எண்கள்தான் அடுத்தவருக்கு உதவும். மாடல் வருடத்துக்கு வருடம் மாறும். வந்த அன்றே களத்தில் அடித்துத் தூக்குக்குண்டு வைத்தோம். கடைசிச் சுவர் இரண்டும் பத்துக்கு இரண்டரை. தலைமாட்டில் ஐந்தரை, கால்மாட்டில் எட்டரை, மொத்த இழப்பு 14, கிடைத்தது 216. தேவைக்கு மேல் 6 செ.மீ. மிச்சம். கடைக்காரரிடம் பேசும்போதே "தொடுகிற நீளம் பத்தவில்லை என்றால் திருப்பித் தருவோம்" என்று உறுதி வாங்கியிருந்தார். அது இல்லாமல் உயரக்காரர் ஆன்லைனில் டென்ட் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவதுதான்.

கதவு நீளவாட்டில் இருப்பது வெறும் சௌகரியம் அல்ல. தலைமாட்டில் மட்டும் கதவுள்ள டென்ட்டில் நீண்ட காலுள்ள ஆள் தவழ்ந்து போய்த் திரும்பிப் படுக்கும்போது கால் ஒவ்வொரு முறையும் கடைசிச் சுவரை உதைக்கும். பக்கக் கதவில் நடுவில் உட்கார்ந்து, காலை வெளியே போட்டு, ஷூவைக் கழற்றி, அப்படியே உள்ளே சுழற்றிக்கொள்ளலாம்.

எடைக் கணக்கு, சமையலறைத் தராசில் போட்டது: வெளிவிரிப்பும் உள்கூடும் பையும் 800 கிராம், ஒய் வடிவ அலுமினிய முளை எட்டு, ஒன்று 11 கிராம் வீதம் 88, கூடுதல் இழுகயிறு 30, அடிவிரிப்பு 40. மொத்தம் 958. பழையது எல்லாம் சேர்ந்து 1,700. ஆனால் நீளம் டென்ட்டோடு முடிவதில்லை. 183 × 51 மேட்டில் இந்த ஆளின் குதிகால் தரையில் கிடக்கும், 196 × 64 மேட் வேண்டியிருந்தது. ஸ்லீப்பிங் பேக்கும் லாங் அளவுக்கு மாறியது. இரண்டிலும் சேர்த்து 250 கிராம் ஏறியது. முதுகுக்கு நிஜமாகக் குறைந்தது அரை கிலோவுக்குச் சற்றுக் கம்மி. சில விளம்பரங்களில் வரும் "மினிமம் வெயிட்" முளையும் பையும் சேராத எண். ஒப்பிடும்போது அதைப் பார்க்காமல் தராசை நம்ப வேண்டும்.

அடிவிரிப்புக்குத் தனியாகக் காசு போகவில்லை. தக்காளிக்கும் தர்பூசணிக்கும் பாத்தியில் போடும் 30 மைக்ரான் மல்ச்சிங் ஷீட், நாலடி அகல ரோலில் மிச்சம் தோட்டத்துச் சாளையில் கிடந்தது. 220 × 65 செ.மீ.க்கு வெட்டினால் 40 கிராம். தரையைவிட இரு பக்கமும் 5 செ.மீ. குறைவாக வெட்டுவது முக்கியம். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் விரிப்பில் வழியும் மழை ஷீட்டின் மேல் விழுந்து டென்ட்டுக்கு அடியிலேயே குட்டை கட்டும். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: மல்ச்சிங் ஷீட் ஈரத்தையும் அழுக்கையும் தடுக்கும், நெருஞ்சி முள்ளைத் தடுக்காது. நம் பக்கத்து மேட்டாங்காட்டில் டென்ட் அடிக்குமுன் அந்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்க்காமல் காற்றடித்த மேட்டைப் போட்டால் நடுராத்திரியில் முதுகு தரையைத் தொடும்.

ஆடிக் காற்று

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளை ஓட்டுவது இந்த மாதங்களில்தான். புது டென்ட்டுக்கு இதைவிட நல்ல பரீட்சை இமயமலைக்குப் போகாமல் கிடைக்காது. மூன்று குறைகள் வெளிப்பட்டன. மூன்றும் அந்த 6 செ.மீ. மிச்சத்தைக் கடிப்பவை.

முதலாவது, காற்று கடைசிச் சுவரை உள்ளே தள்ளியது. கால்மாடு மேற்கே பார்த்தபடி அடித்திருந்தபோது, வீச்சு வரும் ஒவ்வொரு முறையும் வெளிவிரிப்பின் நடு ஒரு சாண் உள்ளே குழிந்து வலையைத் தொட்டது. மூலை முளைகள் இறுக்கமாகத்தான் இருந்தன. மூலைக்கும் மூலைக்கும் நடுவே துணியைப் பிடிக்க ஆள் இல்லை என்பதே காரணம். சுவரின் நடுவில் தொங்கவிட்டிருந்த, யாரும் பயன்படுத்தாத சின்ன வளையத்தில் ஓர் இழுகயிறு கட்டி, ஒரு மீட்டர் தள்ளி முளை அடித்து வெளிப்பக்கம் இழுத்ததும் குழிவு மூன்று விரலுக்குள் அடங்கியது. பை பிரித்தால் அந்த வளையத்துக்குக் கயிறு சேர்ந்து வராது, 2 மி.மீ. கயிறு இரண்டு தனியாக வாங்கிக் கட்டிவைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, நடைக்கோலின் பூட்டு நழுவியது. லீவர் தளர்வாக இருந்தால் காற்று ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் கோல் மில்லிமீட்டர் கணக்கில் இறங்கும். 118-ல் வைத்தது விடியும்போது 115. உச்சி இறங்கினால் நாலு சுவரும் தொய்யும். லீவரின் திருகை அரைச் சுற்று இறுக்கி, 118-ல் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்றுச் சுற்றி அடையாளம் வைத்தாயிற்று. படுக்குமுன் அந்த டேப்பை டார்ச் அடித்துப் பார்ப்பது ஒரு நொடி வேலை.

மூன்றாவது, வழுக்கல். பூச்சுப் போட்ட தரை வழவழ. மேட்டின் அடியும் வழவழ. களம் சமதளமாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும் கால்மாட்டுப் பக்கம் லேசான சரிவு. ராத்திரியில் மேட் ஆளோடு நகர்ந்து, விடியும்போது கால்மாட்டுச் சுவரை ஒட்டி நின்றது. தலைப்பக்கம் ஓர் அடி இடம் சும்மா கிடக்க, கால்மாட்டில் மிச்சமே இல்லை. இதற்கு மருந்து: அதே சிலிகானும் டர்பன்டைனும் ஒன்றுக்கு மூன்று அளவில் கரைத்து, தரையின் உட்புறத்தில் குறுக்கே 12 செ.மீ.க்கு ஒரு கோடாகச் சின்னப் பிரஷ்ஷில் இழுப்பது. நீளவாட்டில் இழுத்தால் பிடிக்காது. ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும், காயுமுன் மடித்தால் தரை தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். வெயிலில் விரித்து, மேலே லேசாக டால்கம் பவுடர் தூவி மடித்தார்கள்.

முளை பற்றி ஒரு வார்த்தை. தானாக நிற்காத டென்ட்டுக்கு முளைதான் உயிர். பங்குனி சித்திரையில் நம் செம்மண் காட்டில், அடியில் சுக்கான் கல் இருந்தால், அலுமினிய முளையைக் கல்லால் அடித்தால் தலை மடங்கிவிடும். 6 மி.மீ. கம்பித் துண்டை முதலில் இறக்கித் துளை போட்டுக்கொண்டு, அதில் முளையைச் செருகலாம். மழை பெய்த கரிசலில் எதிர்க் கதை: எளிதாக இறங்கும், எளிதாகப் பிடுங்கும், அங்கே முளையின் மேல் பாறாங்கல் ஒன்றை ஏற்றிவைக்க வேண்டும். மலையில் பாறையே தரை என்றால் கயிற்றை நீளமாக விட்டு, சின்னக் கல்லில் சுற்றி, அதன் முன் பெரிய கல்லை வைத்து அடைப்பதுதான் வழி. காட்டுக்குள் அடிப்பதைப் பற்றியும் கேட்டார். ஆனைமலை, சத்தியமங்கலம் இரண்டும் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே நுழைவதே குற்றம், டென்ட் அடிப்பது அப்புறம். இவருடைய உள்ளூர்ப் பயன்பாடு ஏற்காடு, வால்பாறைப் பக்கத்துத் தனியார் தோட்டங்களோடு நிற்கிறது.

புரட்டாசிக்குப் பிறகு

திரும்பி வந்து அவர் சொன்னதில் கால்மாடு நனைந்த பேச்சு இல்லை. வெளிவிரிப்பின் உட்புறம் தினமும் காலையில் சொட்டியது, ஒருநாள் உறைந்தும் போனது. அது எந்த டென்ட்டிலும் இருக்கும். தலைமாட்டுக் காற்றுவாயை மூடாமல் விட்டதும், ஈரத்துணியை உள்ளே காயப்போடாததும் உதவின. குறை என்று சொன்னது அகலம். 75 செ.மீ. தரையில் 64 செ.மீ. மேட் போட்டால் பக்கத்தில் கைவிளக்கு வைக்க இடம் இருக்கிறது, பை வைக்க இல்லை. பையைக் கதவுக்கு வெளியே முன்விரிப்புக்கு அடியில் வைக்க வேண்டியிருந்தது. முதலில் பக்கவாட்டில் தோள் உரசுமோ என்று நாங்கள் பயந்தது நடக்கவில்லை, கோல்கள் நிற்கும் இடம் தோளுக்குத் தள்ளி இருந்ததால்.

திரும்பியதும் செய்ய வேண்டியது ஒன்றை அவர் கிட்டத்தட்டத் தவறவிட்டார். ஈரத்தோடு பைக்குள் திணித்த டென்ட் இரண்டு நாள் கார் டிக்கியில் கிடந்தது. பாலியூரித்தேன் பூச்சு ஈரமும் சூடும் சேர்ந்தால் சிதையத் தொடங்கும். பிசுபிசுப்பும் புளித்த வாடையும் வந்துவிட்டால் மீட்க வழியில்லை. நிழலில் கொடியில் போட்டு எலும்புவரை காயவிட்டு, இறுக்கமான பையில் அல்லாமல் பழைய பருத்தித் தலையணை உறையில் தளர்வாகப் போட்டுவைக்கச் சொன்னோம்.

இப்போது அவர் கேட்டிருப்பது, அடுத்த முறை வீட்டுக்காரம்மாவும் வருகிறார், அதே வகையில் இரண்டு ஆள் டென்ட் வாங்கலாமா என்று. இருவருக்கும் அகல மேட் என்றால் 128 செ.மீ. தரை வேண்டும், இந்த எடையில் அது அரிது. அந்த அம்மாவின் உயரம் 158. அவருக்கு 51 செ.மீ. அகல மேட்டே தாராளம். 64-ம் 51-ம் சேர்ந்து 115. தரை அகலம் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒரே அளவாக 115-க்குக் குறையாமல் இருந்தால் எடுக்கலாம். கால்மாட்டில் குறுகும் தரை என்றால், குறுகும் பக்கம் எத்தனை என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும் என்று பதில் போயிருக்கிறது.